திட்டினால் வேலை நடக்குமா?

1979-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தில் காலை நேரம். செயற்கைக்கோளைச் சுமந்து செல்வதற்காக இந்தியா சொந்தமாகக் கட்டிய முதல் ராக்கெட், எஸ்.எல்.வி.-3, புறப்படத் தயாராக நின்றது. அந்தத் திட்டத்தின் இயக்குனர் ராமேசுவரத்தில் பிறந்த ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். அப்போது அவருக்கு வயது 47.

புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்பு, வேலையை நிறுத்தும்படி கம்ப்யூட்டர் எச்சரித்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு இருப்பதாக அது காட்டியது. கூட இருந்த நிபுணர்களோ, தேவைக்கு மேலேயே எரிபொருள் இருக்கிறது, பயமில்லை என்றார்கள். கலாம் அந்த எச்சரிக்கையை ஒதுக்கிவிட்டு ராக்கெட்டைச் செலுத்த உத்தரவிட்டார். முதல் கட்டம் ஒழுங்காக எரிந்தது. இரண்டாவது கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது.

வெளியே பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். மக்கள் பணம் கடலில் கரைந்ததே, யார் பதில் சொல்வது?

பதில் சொல்ல வந்தவர் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான். கலாமைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். தம் குழுவினர் பல துறைகளில் வெற்றி கண்டுவிட்டார்கள் என்றும், இன்னும் சிலவற்றில் வெற்றி காண அவர்களுக்கு எல்லா உதவியும் அளிக்கப்படும் என்றும், அடுத்த முயற்சி பலிக்கும் என்றும் சொன்னார். கலாமைப் பற்றி ஒரு குறைச் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை.

அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18-ந் தேதி, அதே ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளை வானில் நிறுத்தியது. அன்றும் பத்திரிகையாளர்கள் கூடினார்கள். அன்று தவான் முன்னால் வரவில்லை. கலாமை அழைத்து, அவரையே பேசச் சொன்னார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக உயர்ந்த கலாம், மேடைதோறும் இந்த நிகழ்ச்சியைச் சொல்லி வந்தார். தலைமை என்றால் என்ன என்பதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, அன்று கண்ணால் கண்டேன் என்ற பொருளில் அவர் பேச்சு அமையும்.

இன்னொரு காட்சி

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று 2023 ஜூன் மாதத்தில் நாடெங்கும் பரவியது. தனியார் வங்கி ஒன்றின் அதிகாரி, கம்ப்யூட்டர் வழியாக நடத்திய கூட்டத்தில், தம் கீழ் வேலை பார்ப்பவர்களைப் பிடித்து உலுக்குகிறார். குறித்த எண்ணிக்கையில் கணக்குகளும் காப்பீடுகளும் சேரவில்லை என்பது அவர் கோபம். மற்ற சிப்பந்திகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாரோ அதைப் பதிவு செய்து வெளியிட, லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். வங்கி அவரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் அதிர்ச்சி அடைந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் பலருக்கு அதிர்ச்சி ஏற்படவில்லை. 'எங்கள் ஆபீசிலும் இப்படித்தான்' என்றுதான் பலர் சொன்னார்கள். மளிகைக் கடை, பனியன் கம்பெனி, ஆஸ்பத்திரி, கட்டிட வேலை, கண்ணாடி மாளிகைக் கம்ப்யூட்டர் நிறுவனம் ஆகிய எல்லா இடங்களிலும் மேலே இருப்பவர் கத்துவதும், கீழே இருப்பவர் தலை குனிவதும் வேலையின் ஒரு பகுதி என்றே ஆகிவிட்டது.

இது சரிதானா? முதலாவதாக, இதனால் வேலையாவது நடக்கிறதா?

'அடியாத மாடு படியாது'

நடக்கிறது என்றுதான் பல மேலதிகாரிகள் நம்புகிறார்கள். அடியாத மாடு படியாது என்பார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். கேட்டால் அனுபவத்தையே சாட்சிக்கு அழைப்பார்கள். 'போன மாதம் ஒருவனை நன்றாகத் திட்டினேன். இந்த மாதம் ஒழுங்காக வேலை செய்தான். அதற்கு முன் ஒருவனைப் பாராட்டினேன்; அடுத்த மாதமே தலைக்கனம் ஏறிக் கெட்டுப்போனான்' என்பார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்டதற்குக் கொடுக்கும் காரணம் தவறு. இதை விளக்கியவர் டேனியல் கானமன் என்ற மனோதத்துவ நிபுணர். 2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், 2024-ல் காலமானார்.

இளமையில் அவர் இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டே மாணவனை முன்னேற்றும் என்று அவர் சொன்னபோது, அனுபவம் மிக்க பயிற்சியாளர் ஒருவர் எழுந்து மறுத்தார். விமானத்தில் ஒரு வித்தையை அழகாகச் செய்தவனைப் பாராட்டினால், அடுத்த தடவை அவன் மோசமாகச் செய்கிறான். மோசமாகச் செய்தவனைத் திட்டினால், அடுத்த தடவை நன்றாகச் செய்கிறான். ஆகவே, பாராட்டு உதவாது என்பது அவர் வாதம்.

கானமன் அதை வாயால் மறுக்கவில்லை. தரையில் ஒரு குறி வைத்து, பயிற்சியாளர்கள் எல்லோரையும் அதற்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். ஆளுக்கு இரண்டு தடவை நாணயத்தை எறியச் சொன்னார். யாரும் யாரையும் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. ஆயினும் முதல் தடவை குறிக்கு அருகில் எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் தடவை விலகிப் போனார்கள். முதலில் மிகவும் தள்ளி எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் தடவை நெருங்கி வந்தார்கள்.

வாசகர்கள் வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எந்த மனிதனுக்கும் சராசரித் திறமை என்று ஒன்று உண்டு. ஒரு நாள் அதற்கு மேலே போவான். ஒரு நாள் கீழே இறங்குவான். மிகவும் இறங்கிய நாளுக்கு அடுத்த நாள், யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும், அவன் பெரும்பாலும் ஓரளவு ஏறுவான். மேலதிகாரி திட்டுவது எப்போது? அவன் மிகவும் இறங்கிய நாளில். அடுத்த நாள் ஏற்றம் வந்ததும், 'என் திட்டு வேலை செய்தது' என்று அவர் நினைத்துக்கொள்கிறார். பாராட்டுவது எப்போது? அவன் மிகவும் ஏறிய நாளில். அடுத்த நாள் இறக்கம் வந்ததும், 'பாராட்டியதால் கெட்டான்' என்கிறார்.

இப்படிப் பார்த்தால், கத்துகிற மேலதிகாரிக்கு வாழ்க்கையே தினந்தோறும் தவறான பாடத்தைக் கற்றுக் கொடுக்கிறது. முப்பது வருட அனுபவம் அந்தத் தவறை முப்பது மடங்கு உறுதிப்படுத்துகிறது.

பாராட்டெல்லாம் பலன் தருமா?

அப்படியானால் எல்லோரையும் எப்போதும் புகழ்ந்துகொண்டே இருந்தால் போதுமா? போதாது. இங்கேயும் ஆராய்ச்சி ஒரு சங்கடமான உண்மையைச் சொல்கிறது.

1996-ல் அவ்ரகாம் க்ளூகர், ஆஞ்சலோ டிநிசி என்ற இரு அறிஞர்கள், ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் அவர்கள் வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வதால் என்ன பலன் என்று அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை ஒன்று திரட்டிப் பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் நல்லதாகவே இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்னிலும் மோசமாயிற்று! காரணம் தேடியபோது ஒரு விஷயம் தெளிவாயிற்று. பேச்சு வேலையைப் பற்றியதாக இருக்கும் வரை பலன் தருகிறது. அது ஆளைப் பற்றியதாக மாறும்போது பலன் குறைகிறது. அங்கே திட்டு, புகழ்ச்சி என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை.

1998-ல் க்ளாடியா ம்யூல்லர், கேரல் ட்வெக் என்ற இரு பெண் அறிஞர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்த சோதனையும் இதையே காட்டியது. புதிர்களைச் சரியாகப் போட்ட குழந்தைகளில் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றும், சிலரிடம் 'நீ நன்றாக முயற்சி செய்திருக்கிறாய்' என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான கணக்குகளைக் கொடுத்தார்கள். 'புத்திசாலி' என்று பெயர் வாங்கிய குழந்தைகள் கடினமானதைக் கண்டு பின்வாங்கினார்கள். முன்னைவிடக் குறைவாகப் போட்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்ற குழந்தைகள் மேலும் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள்.

'புத்திசாலி' என்ற பட்டத்தை வாங்கியவனுக்கு அதைக் காப்பாற்ற வேண்டிய கவலை வந்துவிடுகிறது. தவறு செய்தால் பட்டம் போய்விடுமே! 'முட்டாள்' என்ற பட்டத்தை வாங்கியவனுக்கோ, இனி முயன்று என்ன பயன் என்று தோன்றிவிடுகிறது. பெரியவர்களின் ஆபீசிலும் இதுதான் நடக்கிறது.

வாயடைத்தவர்களால் வரும் ஆபத்து

திட்டினால் மனம் புண்படும், அவ்வளவுதானே என்று சிலர் கேட்கலாம். அவ்வளவோடு போவதில்லை. சில இடங்களில் உயிரே போகிறது.

ஆமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை, ஆஸ்பத்திரிகளில் மருந்து மாறிப் போகும் தவறுகளை ஆராய்ந்து 1996-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒற்றுமையாக வேலை செய்யும் வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! திகைத்துப்போய் மேலும் ஆராய்ந்தபோது காரணம் விளங்கிற்று. நல்ல வார்டுகளில் நர்சுகள் தவறைப் பயமின்றி வெளியே சொன்னார்கள், பதிவு செய்தார்கள், திருத்தினார்கள். தலைமை நர்ஸ் சீறி விழும் வார்டுகளில் தவறுகள் மூடி மறைக்கப்பட்டன. காகிதத்தில் அந்த வார்டு சுத்தமாக இருந்தது. கட்டிலில் படுத்திருந்த நோயாளிக்குத்தான் ஆபத்து.

விமானத் துறை இந்தப் பாடத்தை மிகக் கொடிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27-ந் தேதி, டெனரீப் தீவு விமான நிலையத்தின் ஓடுபாதையில், மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதின. 583 பேர் மாண்டார்கள். விமான விபத்துகளின் வரலாற்றில் இதைவிட அதிகம் பேர் இறந்த விபத்து வேறில்லை. டச்சு விமானத்தின் கேப்டன் அந்தக் கம்பெனியின் மூத்த விமானி. மற்றவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர். அனுமதி வராமலே அவர் ஒரு தடவை புறப்பட முயன்றபோது, துணை விமானி நினைவூட்டினார். இரண்டாம் தடவை துணை விமானி தடுக்கவில்லை. எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று என்ஜினியர் சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். என்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

மூடுபனி, வானொலிப் பேச்சில் ஏற்பட்ட குழப்பம் என்று அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அந்தக் கேப்டன் யாரையும் வசைபாடவும் இல்லை. ஆனால் பதவியின் கனம் ஒன்றே கீழே உள்ளவரின் நாக்கைக் கட்டிப்போடப் போதுமானது என்பதை அந்த விபத்து காட்டிற்று. வசையும் அதனோடு சேர்ந்தால் நிலைமை என்னவாகும்? 1979-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதைப் பற்றி ஆராய ஒரு கூட்டம் கூட்டியது. அதன் பிறகு விமானிகளுக்குப் புதிய பயிற்சி வந்தது. கீழே உள்ளவர் சந்தேகத்தைத் துணிந்து சொல்லவும், மேலே உள்ளவர் அதைக் கேட்டு வாங்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். விமானம் ஓட்டும் திறமையோடு பேசும் திறமையும் இன்று பாடத்தில் சேர்ந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

சில நாடுகள் இந்த விஷயத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. மேலதிகாரிக்குப் பணிந்து நடப்பதில் பெயர் பெற்ற ஜப்பான் 2019-ல் ஒரு சட்டம் இயற்றியது. பெரிய கம்பெனிகளுக்கு 2020 ஜூன் முதலும், சிறிய கம்பெனிகளுக்கு 2022 ஏப்ரல் முதலும் அது அமலுக்கு வந்தது. அடித்தல், மனம் நோகப் பேசுதல், தனிமைப்படுத்தல், முடியாத வேலையைச் சுமத்தல், தகுதிக்குக் குறைந்த வேலையைக் கொடுத்து அவமதித்தல், சொந்த வாழ்க்கையில் தலையிடுதல் என்று ஆறு வகை அதிகாரத் தொல்லைகளை அரசு வரிசைப்படுத்தியது. அவற்றைத் தடுக்க ஏற்பாடு செய்வது கம்பெனியின் கடமை. அதே சமயம், வேலைக்குத் தேவையான அளவில் தவறைச் சுட்டிக்காட்டித் திருத்துவது தொல்லை ஆகாது என்றும் தெளிவுபடுத்தப்பட்டது. தென் கொரியாவில் 2019 ஜூலை 16 முதல் இத்தகைய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. புகார் கொடுத்தவரைப் பழி வாங்கினால் அங்கே சிறைத் தண்டனையும் உண்டு.

நமது நாட்டில்? வேலை இடத்தில் பெண்களுக்கு ஏற்படும் பாலியல் தொல்லைக்கு 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவை இரண்டும் அல்லாமல், தினசரி வசையும் அவமதிப்பும் நடந்தால் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் மேலதிகாரியின் வாய்க்கென்று தனி அத்தியாயம் எதுவும் இல்லை.

சட்டம் இல்லாத இடத்திலும் வழி இல்லாமல் போகவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அதையடுத்து எழுந்த போராட்டத்தின் விளைவாக, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. பெண்களே தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒரு பக்கம். ஆடை உற்பத்தி செய்யும் கம்பெனி மறுபக்கம். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் இதற்குக் கட்டுப்பட்டது. 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் கண்காணிப்பாளர்கள் தொழிலாளர் மத்தியிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். தொல்லை நடந்தால் அவர்களிடம் சொல்லலாம். சொன்னவரைப் பழி வாங்கக் கூடாது. தொழிலாளரோடு சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி உண்டு. உலகத்தில் பலர் திரும்பிப் பார்த்த ஏற்பாடு இது. தமிழ்நாட்டின் தையல் மிஷின்களுக்கு நடுவே பிறந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க விஷயம்.

எப்படிச் சொல்வது?

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாளைக் காலையிலேயே மாற்றிக்கொள்ளக் கூடியது பேச்சு ஒன்றுதான்.

ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் தைத்த பீஸ்களில் பத்து திரும்பி வந்துவிட்டன. சூப்பர்வைசர் லைன் முழுவதும் கேட்கும்படி, 'உனக்குக் கண் அவிந்து போச்சா? இந்த வேலைக்கு நீ லாயக்கில்லை' என்று கத்துகிறார். அந்தப் பெண்ணுக்கு இதிலிருந்து என்ன தெரிந்தது? தான் லாயக்கில்லை என்பது தெரிந்தது. எந்தத் தையல் தவறு என்பது தெரியவில்லை. அடுத்த பத்து பீஸைத் தைக்கும்போது அவள் கை நடுங்கும். கெட்டுப்போன பீஸ் ஒன்று அவள் கண்ணில் பட்டால், அதை எடுத்துக் காட்டுவாளா, கட்டுக்கு அடியில் செருகுவாளா?

அதே சூப்பர்வைசர் அவள் பக்கத்தில் போய், தணிந்த குரலில், 'அம்மா, பக்கத் தையல் எல்லாம் நேராக இருக்கிறது. கழுத்துப் பட்டியில்தான் நூல் தளர்ந்து வருகிறது. இந்தப் பத்தையும் பார். மிஷினில் கோளாறா, வேறு ஏதாவதா?' என்று கேட்டால் என்ன ஆகும்? எது சரி, எது தவறு என்று அவளுக்குத் தெரியும். மிஷினில் கோளாறு இருந்தால் அதைச் சொல்லவும் வாய்ப்புக் கிடைக்கிறது. சொன்னதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த இரண்டு பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டாவது பேச்சில் தவறு மறைக்கப்படவில்லை. பத்து பீஸும் மேஜை மேல் இருக்கின்றன. ஆளை விட்டுவிட்டு வேலையைப் பிடித்தார். ஊரைக் கூட்டாமல் தனியே சொன்னார். நல்லதையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

பெரிய நிறுவனங்களில் மானேஜர்களுக்கு ஒரு தந்திரம் கற்றுக்கொடுக்கிறார்கள். முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குற்றம், முடிவில் மறுபடியும் ஒரு பாராட்டு. கசப்பு மருந்தை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கிற மாதிரி. ஊழியர்கள் இதை ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். 'நன்றாகச் செய்தீர்கள்' என்றதுமே, 'ஆனால்' எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்குகிறார்கள். உண்மையான பாராட்டுக்கும் அதன்பின் மதிப்பில்லாமல் போகிறது. பாராட்டுக்குரியதை அது நடந்த அன்றே சொல்வதும், திருத்த வேண்டியதைத் திருத்தமாகச் சொல்வதும்தான் நேர்வழி.

மேலேயிருந்து வரும் வெள்ளம்

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. கத்துகிற சூப்பர்வைசர் பிறவியிலேயே கொடியவர் அல்ல. காலையில் அவரை மானேஜர் கத்தியிருப்பார். மானேஜரை முதலாளி கத்தியிருப்பார். முதலாளிக்குக் கப்பல் போகும் தேதி நெருங்குகிறது. ஆறு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். எட்ட முடியாத டார்கெட் ஒன்றை மேலே யாரோ எழுதிவிடுகிறார்கள். அது படிப்படியாக இறங்கி வரும்போது வசையாக மாறுகிறது. கடைசிப் படியில் நிற்பவள் அதை வீட்டுக்குச் சுமந்து போகிறாள். அங்கே குழந்தையின் முதுகில் அது இறங்குகிறது.

ஆகவே, சூப்பர்வைசருக்கு மட்டும் இனிய பேச்சில் பயிற்சி கொடுத்துவிட்டு, டார்கெட்டைக் குறைக்காமல் இருப்பது ஊழியர்களை ஏமாற்றுவதாகும். கூலியைக் கூட்டித் தர மனமில்லாத முதலாளி, அதற்குப் பதிலாகப் பாராட்டுப் பத்திரம் தருவதும் அப்படியே. இனிய சொல் கூலிக்கு ஈடாகாது. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்காது.

வள்ளுவர் இரண்டு பக்கத்தையும் கண்டவர். இல்வாழ்வானுக்கு 'இனியவை கூறல்' என்று 10-வது அதிகாரத்தை வைத்தார். அதோடு நிறுத்தாமல், ஆட்சி செய்பவனுக்கு 57-வது அதிகாரமாக 'வெருவந்த செய்யாமை'யை வைத்தார். குடிகள் அஞ்சி நடுங்கும்படி நடப்பவன் தன் ஆட்சியையே இழப்பான் என்பது அதன் சாரம். அதே நூலில், தவறு செய்யும் அரசனை இடித்துச் சொல்லும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இனிமையும் வேண்டும், இடித்துரையும் வேண்டும். இடித்துரைக்கு அவர் காட்டிய திசையைத்தான் நாம் மாற்றிவிட்டோம். அது மேல் நோக்கிப் போக வேண்டியது. இன்று கீழ் நோக்கியே பாய்கிறது.

மீண்டும் ஸ்ரீஹரிகோட்டா

1979-ல் தவான் பத்திரிகையாளர்களிடம் பேசியதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. மூடிய கதவுக்குள்ளே ஆய்வுக் கூட்டம் நடந்தது. ராக்கெட் எப்படி விழுந்தது என்று விஞ்ஞானிகள் அலசி எடுத்தார்கள். கலாம் எழுந்து தம் பொறுப்பை ஒப்புக்கொண்டார். ஒரு வால்வு சரியாக மூடாததால் திரவம் கசிந்தது என்று கண்டுபிடித்தார்கள், அதைத் திருத்தினார்கள். மனிதனைக் காப்பாற்றிய அதே நிறுவனம் தவறைக் காப்பாற்றவில்லை. பதினொரு மாதத்தில் வெற்றி வந்ததன் ரகசியம் இதுதான்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நிறுவனத்துக்கு மறுபடியும் அதே சோதனை வந்தது. 2019 செப்டம்பர் 7-ந் தேதி அதிகாலையில், சந்திரயான்-2 அனுப்பிய விக்ரம் கலம், நிலவில் இறங்கும் தறுவாயில் தொடர்பை இழந்து விழுந்தது. அப்போது தலைவராக இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயி மகனான கே. சிவன். அவர் கண் கலங்கி நின்றதை நாடே பார்த்தது. தோல்விக்காக யாரையும் பலி கொடுக்கவில்லை. எங்கெங்கே தவறு நேரலாம் என்று ஒவ்வொன்றாக எண்ணி, அதைத் தாங்கும்படி அடுத்த கலத்தை அமைத்தார்கள். கால்கள் பலப்படுத்தப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது, இறங்கும் இடத்தின் பரப்பு விரிவாக்கப்பட்டது. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்துக்கு அருகே இறங்கியது. அதன் திட்ட இயக்குனர் விழுப்புரத்தைச் சேர்ந்த பி. வீரமுத்துவேல்.

ராக்கெட் கட்டும் இடத்தில் தவறு நடந்தால் நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் போகிறது. அங்கேயே கத்தாமல் வேலை நடக்கிறது. பத்து பீஸ் பனியனுக்கும், ஒரு நாள் தாமதமான கணக்குப் புத்தகத்துக்கும், டீக்கடையில் கை தவறி உடைந்த கண்ணாடித் தம்ளருக்கும் எதற்காக இவ்வளவு சத்தம்?

நாளைக்குத் திங்கட்கிழமை. கடை திறக்கும், ஆபீஸ் திறக்கும், ஆலைச் சங்கு ஊதும். யாராவது ஒருவர் எங்காவது ஒரு தவறு செய்யத்தான் போகிறார். அதை அவர் தம் மேலதிகாரியிடம் ஓடி வந்து சொல்வாரா, மூடி மறைப்பாரா என்பது, போன வாரம் அந்த மேலதிகாரி பேசிய பேச்சில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.